குதிரை ஏறாத இனிகோ

எங்கள் இனிகோ குதிரை ஏற மாட்டான்.

இத்தனைக்கும் குதிரை சும்மாவே கிடைக்கிறது. ஆட்டம் தொடங்கும் இடத்தில், எரிந்துபோன ஓர் ஊருக்கு வெளியே, சேணம் போட்டுத் தயாராக நிற்கும். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஏறி உட்கார்ந்தால் பறக்கலாம். இவன் அதைத் தாண்டி நடந்து போய்விடுவான். அது கழுத்தைத் திருப்பி இவன் போகிற திசையையே பார்க்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஏன்டா அதை விட்டுவிட்டுப் போகிறாய், பட்டினி கிடக்காதா என்று கேட்டேன். அது டிவிக்குள் இருக்கிற குதிரை ஆயா, அதற்குப் பசிக்காது என்றான்.

இனிகோ என் மகனுடைய பிள்ளை. முப்பத்திரண்டு வயசு. கடத்தூருக்குக் கிழக்கே எங்கள் காட்டுக் கொட்டாயில், அதாவது நிலத்திலேயே கட்டிய வீட்டில், அவனும் அவன் அம்மா லூர்துமேரியும் நானும் இருக்கிறோம். மகன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் இனிகோவின் தங்கை அமுதா. தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவனே கேட்டான். நிறைய அடி வாங்கியிருக்கிறாய், அதை எழுதலாம் என்றேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. டிவியில் ஒரு பெரிய நாடு தெரியும். காடு, மலை, ஆறு, கோட்டை, ஊர் எல்லாம் உண்டு. கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளை அதற்குள் நடத்த வேண்டும். அவனுக்கு வேலை கொடுப்பார்கள். இவனைக் கொன்றுவிட்டு வா, அதைத் தேடி எடுத்து வா என்பார்கள். அந்த நாட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குதிரையில் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். நடந்தால் ஒரு முழுப் பகல் போதாது. நடக்கவும் வேண்டாம், குதிரையும் வேண்டாம் என்றால் வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தொட்டால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் அங்கே நிற்கலாம்.

டேவிட்ராஜ் அப்படித்தான் ஆடுவான். டேவிட்ராஜ் யாரென்றால், என் வீட்டுக்காரருடைய தம்பி மகன் மரியசூசை இருக்கிறானே, அவன் பிள்ளை. எங்களுக்குப் பங்காளி. இனிகோவைவிட நாலு வயசு சின்னவன். அவர்கள் காடு எங்கள் காட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வண்டியில் படபடவென்று வந்து இறங்குவான். இனிகோ ஒரு மணி நேரம், இவன் ஒரு மணி நேரம் என்று மாற்றி மாற்றி ஆடுவார்கள். ஆளுக்கொரு கதை தனித்தனியாகப் போகும். டேவிட்ராஜின் ஆளுக்குத் தங்கக் கவசம், கறுப்புக் குதிரை. எதிரில் வருகிறவனைக் குதிரை மேலிருந்தபடியே தலையைச் சீவிவிட்டு நிற்காமல் போவான். இனிகோவின் ஆளுக்குத் தோல் சட்டை, தேய்ந்த செருப்பு, ஒரு கத்தி.

இனிகோ எத்தனை தடவை செத்திருப்பான் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஓநாய் குதறிச் செத்தான். ஆற்றில் அடித்துப் போனான். கரடி ஒன்று இவனைத் தூக்கிப் பாறையில் அறைந்ததில் முதுகு முறிந்து கிடந்தான். காட்டு வழியில் கொள்ளைக்காரர்கள் ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு, ஒருவன் காலை வெட்ட, ஒருவன் வயிற்றில் குத்த, மற்றவர்கள் விழுந்தவனை மிதித்தே கொன்றார்கள். ஒரே இடத்தில் ஆறு தடவை. டேவிட்ராஜுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. குதிரையில் இருந்திருந்தால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தாண்டியிருக்கலாமே என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து நிமிஷம் நடந்தால் ஒரு மரம் வருகிறது, இன்னும் பத்து நிமிஷம் நடந்தால் அதே மரம் வருகிறது, நடுவில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை, இதற்கு எதற்கு நடை என்பான். இனிகோவும் அதை ஒத்துக்கொள்வான். பாதி வழியில் ஒன்றும் இருக்காதுதான், ஆனால் எந்தப் பாதி என்று முன்னாலேயே தெரியாதே என்பான்.

ஒரு தடவை பாலத்துக்கு அடியில் இறங்கினான். குதிரையில் போகிறவன் பாலத்துக்கு மேலே போய்விடுவான், அடியில் பார்க்க மாட்டான். அங்கே சேற்றில் ஒரு பெண்பிள்ளையின் எலும்பு கிடந்தது. விரல் எலும்பில் ஒரு மோதிரம். அந்த ஊர்ச் சத்திரத்தில் ஒரு கிழவன் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் மகள்தான் அது. இனிகோ மோதிரத்தைக் கொண்டுபோய் அந்தக் கிழவனிடம் கொடுத்தான். கிழவன் அதைப் பார்த்தான். இவனைப் பார்த்தான். கொன்றவனே கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டான் போல. கோடரியை எடுத்து இவன் தோளில் இறக்கினான். இனிகோ பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவர் வரைக்கும் போனான். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தத் தகப்பனைக் கத்தியால் குத்த வேண்டியதாயிற்று. கிழவன் மோதிரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே சரிந்தான். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு இனிகோ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நடந்து போனதுக்கு உனுக்குக் கெடைச்சது இந்தப் பாவந்தாண்ணா" என்றான் டேவிட்ராஜ்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு தடவை செத்த காட்டு வழியில், ஏழாவது தடவை இனிகோ மெதுவாகப் போனான். வழியில் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. நின்றுவிட்டான். குனிந்து பார்த்தால், இரண்டு மரத்துக்கு நடுவில் கழுத்து உயரத்தில் மெல்லிய கயிறு ஒன்று தெரிந்தது. காக்கை அதில் மோதிச் செத்திருக்கிறது. கயிற்றைத் தொட்டால் மேலேயிருந்து கூர் சீவிய மரங்கள் சரிந்து விழும். வழிப்போக்கனைக் கொல்ல அந்தக் கொள்ளைக்காரர்கள் வைத்த பொறி. முந்தின நாள் அதே இடத்தில்தான் டேவிட்ராஜின் கறுப்புக் குதிரை தலை துண்டாகி விழுந்திருந்தது. போன வேகத்தில் எது வெட்டியது என்றே அவன் பார்க்கவில்லை, ஆட்டத்தில் கோளாறு என்று திட்டிவிட்டு வேறு குதிரை எடுத்துக்கொண்டான்.

இனிகோ கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கல்லை எறிந்தான். புதருக்குள் இருந்த ஐந்து பேரும் எழுந்து ஓடிவந்தார்கள். இவன் அசையவில்லை. தாங்கள் கட்டின கயிற்றையே மறந்து அவர்கள் பாய, மரங்கள் சரிந்து நாலு பேர் நசுங்கினார்கள். ஒருவனுக்கு நெஞ்சுக்கு நடுவில் முனை வெளியே வந்துவிட்டது. ஐந்தாமவன் திரும்பி ஓடினான். நான் கை தட்டினேன். சும்மா நின்றே நாலு பேரைக் கொன்றவன் என் பேரன்.

சரி, ஏன் குதிரை ஏற மாட்டான்? ஊரில் பிடிவாதம் என்கிறார்கள். பிடிவாதம் பிறகு வந்தது. முதலில் இருந்தது விரல்.

மகன் செத்த பிறகு இனிகோ ஓசூருக்கு வேலைக்குப் போனான். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற மெஷினில் வேலை. நாலாவது வருஷம் ஒரு சாயங்காலம், தகட்டைச் சரிசெய்கிறேன் என்று கையை உள்ளே விட்டுவிட்டு, கவனம் தப்பிக் காலால் பெடலை மிதித்துவிட்டான். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிற்று. வலி அப்புறம்தான் வந்தது ஆயா, முதலில் தகட்டில் இரண்டு விரல் படமாக ஒட்டியிருந்ததைத்தான் பார்த்தேன் என்றான். அமுதா இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன்.

குதிரையை விரட்டுவதற்கு அந்தக் கன்ட்ரோலரின் இடது பக்கத்து மேல் பொத்தான்களை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். கேடயம் தூக்குவதற்கும் அதே பொத்தான்தான். அதற்குரிய விரல் இரண்டும் இவனுக்கு இல்லை. அதனால் குதிரையும் கிடையாது, கேடயமும் கிடையாது. கட்டை விரலை வைத்துக்கொண்டு நடக்கலாம், வலது கையால் வெட்டலாம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வேறு வழியில்லாமல் நடந்தான். பிறகு, நடக்கிறவனுக்கு மட்டும் தெரிகிற நாடு ஒன்று அங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டான். அப்புறம் யார் சொன்னாலும் கேட்கவில்லை.

வெளியிலும் அதே கதைதான். மோட்டார் பைக்குக்கு இடது கை விரல்தான் கிளட்ச். கியர் இல்லாத வண்டி ஒன்று வாங்கி ஓட்டிப் பார்த்தான். மண் ரோட்டுப் பள்ளத்தில் பிடி நழுவிச் சாய்ந்ததில், பின்னால் உட்கார்ந்திருந்த லூர்துமேரிக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அன்றைக்கு வண்டியை விற்றான். எங்கே போனாலும் நடை. பால் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, மரியசூசை காட்டு வரப்பு வழியாக முந்நூறு தப்படி நடந்தால் தார் ரோடு. ரோட்டில் பால் சொசைட்டி, மாதா கோயில், பஸ் எல்லாம் இருக்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள் நடந்த வழி அது. அதை விட்டால் கரட்டுக் குன்றைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் மண் ரோடு.

தைப் பொங்கல் கழிந்த வாரம் மரியசூசை அந்த வரப்பை அடைத்தான். ரோட்டோரத்தை மனை போட்டு விற்க ஆள் பார்த்தானாம், நடுவில் வழி இருந்தால் எவனும் வாங்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்களாம். பாதி தூரத்தில் பாறைக் கல்லைக் குவித்து, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தான். இனிகோ போய்க் கேட்டான். டேவிட்ராஜ்தான் பதில் சொன்னான். மண் ரோட்டில் வண்டியில் போனால் பத்து நிமிஷம், யார் இந்தக் காலத்தில் நடக்கிறார்கள் என்றானாம். ஆட்டத்தில் சொன்னதையே வரப்பில் நின்றும் சொன்னான். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இனிகோ முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் பால் கேனோடு நடந்தான். டேவிட்ராஜ் மண்வெட்டிக் காம்போடு வந்தான். முதல் அடி கேனில் விழுந்தது, பால் வரப்பெல்லாம் ஓடிற்று. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது வாயில். முன்பல் ஒன்று போயிற்று. கேடயம் இல்லாமல் சண்டை போட்டுப் பழகினவன் இனிகோ. அடிக்கு உள்ளே புகுந்து டேவிட்ராஜின் தலைமயிரைப் பிடித்து, முகத்தைப் பால் சேற்றில் தேய்த்தான். மூச்சு முட்டி அவன் காலை உதைத்துக்கொண்டான். மரியசூசை ஓடிவந்து இனிகோவின் விலாவில் மிதித்தான். நான் மாட்டுக் கயிற்றால் மரியசூசையை முதுகில் இரண்டு வைத்தேன். சின்ன வயசில் என் கையால் களி தின்று வளர்ந்தவன்தானே, அந்த உரிமைக்கு அடித்தேன்.

இரண்டு பக்கமும் ஸ்டேஷனுக்குப் போனோம். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் நான் இருக்க மாட்டேன், மாடும் இருக்காது.

சுற்றிக்கொண்டு போகலாமே என்று லூர்துமேரி அழுதாள். விலா எலும்பு விரிசல் விட்டவன் தோளில் இருபது லிட்டர் பாலோடு எப்படிச் சுற்றுவான்? அந்த வழி போனால் மாட்டை விற்க வேண்டும், மாட்டை விற்றால் மறுபடி ஓசூருக்குப் போக வேண்டும். மிச்ச விரலையும் அங்கே கொடுத்துவிட்டு வரட்டுமா? நட என்று நான்தான் சொன்னேன். என் மேல் பழி சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

நடந்தான். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்குள் நாலு தடவை அடி வாங்கினான். ஒரு தடவை புருவம் கிழிந்தது. ஒரு தடவை டேவிட்ராஜின் கையை இவன் கடித்த கடியில் சதை தொங்கிற்று. சாயங்காலம் ஒரு கண் வீங்கி மூடியிருக்க, மறு கண்ணால் டிவியைப் பார்த்து ஆடுவான். அங்கேயும் எவனாவது வெட்டுவான். தவக்காலத்தில் ஆட்டம் ஆடலாமா ஆயா என்று கேட்டான். குதிரை ஏறினால் கூடாது, நடந்தால் ஆடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். சாமியாரைக் கேட்கவில்லை. டேவிட்ராஜ் வந்து உட்காருகிற இடம் காலியாகவே இருந்தது. அவனுடைய தங்கக் கவசக்காரன் எந்த ஊரில் நிற்கிறானோ, அப்படியே நின்றான்.

பங்குனியில் கரட்டிலிருந்து காட்டுப்பன்றி இறங்கியது. மரியசூசையின் மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் பாதிக் காணி உழுதுவிட்டுப் போயிற்று. அவன் கரட்டுப் பக்கமும் எங்கள் வரப்புப் பக்கமும் குச்சி நட்டு, முழங்காலுக்குக் கீழே கம்பி இழுத்தான். வீட்டுப் பக்கம் கம்பி கிடையாது. பொழுது போனதும் மோட்டார் கொட்டாயிலிருந்து கொக்கி போட்டு அதில் கரண்டை விடுவான். செய்யக்கூடாத வேலை. ஊரில் யாருக்கும் தெரியாததும் இல்லை. விடிகாலையில் கோயில் மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் எழுந்திருப்பான், எழுந்ததும் முதல் வேலையாகக் கொக்கியை எடுப்பான். எங்களுக்கும் அது தெரியும். மணி அடித்த பிறகுதான் இனிகோ வரப்பில் கால் வைப்பான்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். செருப்பும் போட மாட்டார்கள். விடிந்ததும் சிலுவைப்பாதை. நானும் இனிகோவும் வெறுங்காலோடு கிளம்பினோம். லூர்துமேரி மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. இனிகோ முன்னால், நான் பத்தடி பின்னால். கல் குவியலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான். கையைப் பின்னால் நீட்டி என்னையும் நிற்க வைத்தான்.

கம்பியில் ஒரு கீரிப்பிள்ளை தொங்கியது. வாய் திறந்திருந்தது. முதுகு மயிர் கருகி, பின்னங்கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சுதா ஆயா?" என்றான்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பெரிய வியாழன் சாயங்காலம் பாட்டுப் பூசையோடு கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். ஆண்டவர் உயிர்க்கும் பாஸ்கு ராத்திரி வரைக்கும் அது அடிக்காது. கோயிலுக்குள் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் வராது. மரியசூசைக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் தூங்குகிறவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? மணி அடிக்கவில்லை, அவன் எழுந்திருக்கவில்லை, கொக்கி போட்டபடியே இருக்கிறது.

சரியாக அந்த நேரம் மக்காச்சோளத்துக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. டேவிட்ராஜ். மற்ற நாளில் வண்டியில் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வரப்பு முனைக்கு வந்து மறிக்கிறவன், அன்றைக்கு வண்டி இல்லாததால் வீட்டுப் பக்கமிருந்து பயிருக்குள் புகுந்து நேராக வந்தான். கையில் கம்பு. காலில் செருப்பு இல்லை. அவர்கள் செவலை நாய் கூடவே வந்தது. ராத்திரி நீர் பாய்ச்சியிருந்ததில் சோளத் தட்டெல்லாம் சொதசொதவென்று இருந்தது. பொழுது விடிந்துவிட்டதால் கரண்டை எடுத்திருப்பார்கள் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

இனிகோ கத்தினான்.

"வராதடா! கம்பியில கரண்டு இருக்குது, நில்லு!"

"நல்ல நாள்லயும் ஏமாத்துறியாடா" என்றபடி அவன் இன்னும் வேகமாக வந்தான்.

மூன்று மாசமாக அடித்துக்கொண்டவர்கள். ஒருத்தன் வாயிலிருந்து வருவதை மற்றவன் ஏன் நம்புவான்? பதினைந்து அடி இருந்தது. பத்து அடி ஆயிற்று. இனிகோ கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றான். நான் அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காட்டு வழியும் கயிறும் ஓடிவந்த ஐந்து பேரும்தான் என் கண்ணுக்கு முன் வந்தார்கள். இவன் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். பல்லுக்கும் விலாவுக்கும் பாலுக்கும் சேர்த்து எல்லாம் முடிந்துவிடும், வழியும் திறந்துவிடும். ஒரு கிழவி அப்படி நினைக்கலாமா, அதுவும் அந்த நாளில்? நினைத்தேன்.

இனிகோ குனிந்தான். மரியசூசை வழியை அடைத்துக் குவித்த கல்லில் ஒன்றை எடுத்தான். முழங்கையைப் பின்னால் இழுத்து, வலது கையால், முழு பலத்தோடு எறிந்தான்.

கல் டேவிட்ராஜின் நெற்றியில் பட்டது. மட்டையை உடைத்தது போல ஒரு சத்தம். அவன் நின்ற இடத்திலேயே ஆடினான். இடது கண் முழுக்க ரத்தம். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அடி முன்னால் வைத்தான். இனிகோ இரண்டாவது கல்லை எடுத்து முழங்காலில் அடித்தான். அவன் அலறிக்கொண்டு பின்பக்கமாகச் சோளத்தில் விழுந்தான். கம்பிக்கும் அவன் காலுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது.

எஜமானனை அடித்தவனைப் பார்த்துச் செவலை குரைத்துக்கொண்டு பாய்ந்தது. மார்பு கம்பியில் பட்டது. ஒரே ஒரு சத்தம். உடம்பு வில்லாக வளைந்து, பல்லைக் கடித்தபடி கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு உதறிற்று. மயிர் பொசுங்கிய வாடை வந்தது. அதன் வாலுக்கும் டேவிட்ராஜின் பாதத்துக்கும் நடுவில் ஈரம் மினுங்கியது. அவன் பின்புறத்தாலேயே நகர்ந்து நகர்ந்து பயிருக்குள் போனான். போகும்போது நாயிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நான் போட்ட கூச்சலில் மரியசூசை வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடிவந்தான். மகனின் முகத்தைப் பார்த்தான், இனிகோவின் கையில் இருந்த கல்லைப் பார்த்தான், அரிவாளைத் தேடினான். அப்புறம்தான் நாயைப் பார்த்தான். அப்படியே திரும்பி மோட்டார் கொட்டாய்க்கு ஓடினான். கொக்கியை இழுத்ததும் செவலை பொத்தென்று விழுந்தது. அவன் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"மணி அடிக்கலையே பெரிம்மா" என்றான். "நான் மணிக்குத்தானே எழுந்திருப்பேன்."

இனிகோ கம்பியைத் தாண்டிப் போய், தன் துண்டை டேவிட்ராஜின் நெற்றியில் சுற்றி இறுக்கிக் கட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டான். இவன் மறுபடி கட்டினான்.

"எதுக்குடா கல்லால அடிச்ச? மண்டைய ஒடைச்சுட்டியேடா" என்றான் டேவிட்ராஜ்.

"சொன்னனே, நின்னியா?"

ரோட்டில் ஜனங்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தம் வழிய இரண்டு பேரும் வரப்பு வழியாக ரோட்டுக்கு வந்ததைப் பார்த்து, இன்றைக்குமா அடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். கார் ஒன்றைப் பிடித்து, வண்டி எடுக்கக்கூடாத நாளில் வண்டி எடுத்துத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெற்றியில் பதினோரு தையல். முழங்காலில் கட்டு.

பாஸ்கு முடிந்த மறுநாள் கல்லை எடுத்துவிட்டான் மரியசூசை. முள்ளை எடுக்கவில்லை, வரப்போரமாகத் தள்ளி வைத்திருக்கிறான். வேண்டுமானால் மறுபடி இழுத்துப் போடலாம் என்று வைத்திருக்கிறானோ என்னவோ. கம்பியைச் சுருட்டிவிட்டான். இப்போது ராத்திரியெல்லாம் தகர டின்னைத் தட்டிப் பன்றியைத் துரத்துகிறான், எங்களுக்குத்தான் தூக்கம் போகிறது. நானும் அவனும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் மாட்டுக் கயிற்றால் அடித்ததற்கு வருத்தம் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. டேவிட்ராஜ் ஒரு காலை இழுத்துக்கொண்டு, வரப்பு வழியாக, நடந்தே வந்திருந்தான். இனிகோ கன்ட்ரோலரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். டேவிட்ராஜ் தன் கறுப்புக் குதிரைக்காரனைக் கூப்பிடவில்லை. புதிதாக ஒரு ஆளை எடுத்தான். எரிந்த ஊரின் வாசலில் அந்தச் செம்பழுப்புக் குதிரை நின்றது. இவன் அதைத் தாண்டி நடந்தான். அது கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருந்தான். முதல் திருப்பத்திலேயே ஓநாய்கள் வந்து குரல்வளையைக் கடித்துக் கொன்றன. மறுபடி எழுப்பி, மறுபடி விரலை மடக்கிக்கொண்டு நடந்தான். மறுபடி செத்தான்.

"மெதுவா போடா" என்றான் இனிகோ. "கீழ பாத்துப் போ."